பொதுக் காட்டில் "இது எங்கள் இடம்" என்று ஒருவர் சொன்னால் இறங்கிப் போக வேண்டுமா? (மினசோட்டா, மான் வேட்டை)

ஏரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மினியாபொலிஸ் அருகே குடியிருக்கிறேன். மான் வேட்டைக்குப் போகத் தொடங்கி இது நான்காவது பருவம். சொந்தமாக நிலம் கிடையாது; நிலம் வைத்திருக்கும் நண்பர்களும் கிடையாது. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே மாநிலக் காடுகளில்தான் வேட்டையாடி வருகிறேன். இந்த ஆண்டு துப்பாக்கிப் பருவத்தின் முதல் நாளன்று நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

மில் லாக்ஸ் ஏரிக்குத் தென்கிழக்கே உள்ள ஒரு மாநிலக் காட்டில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உள்ளே, சதுப்பு முடிந்து மேடு தொடங்கும் ஓர் இடத்தைச் செப்டம்பர் மாதத்திலேயே பார்த்து வைத்திருந்தேன். ஆண்மான்கள் கொம்பு உரசிப் பட்டை உரித்த இளமரங்கள் ஏழெட்டு அங்கே வரிசையாக நின்றன. அங்கிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு பழைய மரப்பரண் இருந்ததையும் அப்போதே கவனித்தேன். மூன்று மரங்களுக்கு நடுவே பலகை அடித்துக் கட்டியது. அடித்த ஆணிகளை மரப்பட்டை வளர்ந்து பாதி மூடியிருந்தது. நடுப்பலகை உளுத்துத் தொங்கிக் கொண்டிருந்தது. ஆனால் அதன் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு காகிதம் மட்டும் புதிதாக இருந்தது. 1987 முதல் தங்கள் குடும்பம் வேட்டையாடும் இடம் என்றும், வருகிறவர்கள் மதித்து விலகிப் போக வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். சுற்றிலும் கிளைகளில் இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தது.

பழைய பரணில் ஏறக் கூடாது என்று நானே முடிவு செய்து, கையோடு கொண்டுபோன என்னுடைய சிறு பரணை இருநூறு அடி தள்ளியிருந்த ஓர் ஆஸ்பென் மரத்தில் மாட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மைனஸ் 9 டிகிரி குளிர். ஐந்தே முக்கால் மணி அளவில் ஒரு தலைவிளக்கு காட்டுக்குள் அசைந்து வந்தது. நான் என் விளக்கை இரண்டு முறை ஏற்றி அணைத்து, ஆள் இருப்பதைத் தெரிவித்தேன். வந்தவர் திரும்பிப் போகவில்லை; நேரே என் மரத்தடிக்கு வந்து, வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தபடி, "காகிதத்தைப் படிக்கவில்லையா? என் அப்பா கட்டிய பரண் அது. இந்த மேடு முழுவதும் நாங்கள் உட்காரும் இடம்" என்றார். தகாத சொல் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனால் அவர் தோளில் துப்பாக்கி இருந்தது, என் மடியிலும் இருந்தது. நான் இறங்கினேன். பரணைக் கழற்றிச் சுமந்துகொண்டு இருட்டிலேயே அரை மைல் நடந்து, முன்பின் பார்த்திராத ஓரிடத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஏழு மணி இருபது நிமிடத்துக்கு நான் விட்டு வந்த திசையிலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

என் கேள்விகள் இவைதான். அந்த இடத்தில் அவருக்கு ஏதாவது உரிமை உண்டா? நான் இறங்கியது சரியா, தவறா? அடுத்த முறை இப்படி நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

சட்டக்குறிப்பு எழுதியது:

வணக்கம். நான் இந்த மாநிலத்தில் வழக்கறிஞராகப் பணிபுரிகிறேன். நான் எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. மினசோட்டாவின் வேட்டை விதிப் புத்தகம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொது நிலத்தில் கட்டப்பட்ட நிரந்தரப் பரணில் ஆள் இல்லையென்றால் அது பொதுச் சொத்து. கட்டியவருடைய உடைமை அன்று. முதலில் வருகிறவர் யாராயினும் அதில் உட்காரலாம். அதாவது, நீங்கள் வேண்டாம் என்று விட்ட அந்தப் பழைய பரணிலேயே ஏறி உட்கார்ந்திருந்தாலும் அவரால் உங்களைச் சட்டப்படி இறக்கியிருக்க முடியாது. அப்படியிருக்க, இருநூறு அடி தள்ளி, உங்கள் சொந்தப் பரணில், அவருக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்திருந்த உங்களை எழுப்ப அவருக்கு எந்த அடிப்படையும் கிடையாது.

நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் இந்த விதிகள் பலவும் எழுதப்பட்டிருக்கின்றன. வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் பரணை இரவில் விட்டு வரவே கூடாது. வடமேற்கு மூலையிலுள்ள சில கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) மட்டும் விலக்கு உண்டு. தேசியக் காடுகளில் அனுமதியின்றி எந்தக் கட்டுமானமும் எழுப்பக் கூடாது. வாத்து வேட்டையிலும் பொம்மை வாத்துகளை முந்தின நாளே மிதக்கவிட்டு இடத்தை வளைத்துக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. நிலத்தின் வகைக்கேற்ப விதி மாறும் என்பதால், போகும் இடம் மாநிலக் காடா, தேசியக் காடா, வரி கட்டப்படாமல் அரசின் கைக்கு வந்து கவுண்டி நிர்வகிக்கும் நிலமா என்பதை முதலிலேயே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். சட்டப்படி வேட்டையாடுகிற ஒருவரைத் தடுக்கும் நோக்கத்துடன் இடையூறு செய்வது இந்த மாநிலத்தில் குற்றம் (பிரிவு 97ஏ.037). இப்படியொரு சட்டம் ஐம்பது மாநிலங்களிலும் உண்டு. வேட்டையை எதிர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரின் வேட்டையை வேண்டுமென்றே கெடுத்தால் அவருக்கும் பொருந்தும். ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். "நானும் வேட்டைக்குத்தான் வந்தேன், பேசினேன், அவராகவே இறங்கிப் போனார்" என்று அவர் சொன்னால், உங்கள் நிகழ்வில் வழக்கு நிற்பது கடினம்.

இந்தத் தகராறு எவ்வளவு பழையது என்பதற்கு, அமெரிக்கச் சட்ட மாணவர்கள் பெரும்பாலோர் முதல் ஆண்டிலேயே படிக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தரிசில் போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வந்தார். அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த பியர்சன் என்பவர் குறுக்கே வந்து நரியைக் கொன்று எடுத்துச் சென்றுவிட்டார். 1805-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், துரத்தியதால் மட்டும் உரிமை பிறக்காது, பிடித்தாலோ தப்ப முடியாதபடி காயப்படுத்தினாலோதான் உரிமை என்று கூறி பியர்சன் பக்கம் நின்றது. உழைப்பும் வியர்வையும் போஸ்டுடையவை. ஆயினும் நரி பியர்சனுக்கு. லிவிங்ஸ்டன் என்ற நீதிபதி மட்டும் இதை ஏற்கவில்லை. இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது, வேட்டைக்காரர்களின் வழக்கப்படி வேட்டைக்காரர்களே தீர்த்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உங்கள் மரத்தடியில் நடந்ததும் ஏறக்குறைய இதே வாதம்தான்.

முப்பது பருவங்கள் எழுதியது:

தம்பி ஏரிக்கரையான் அவர்களுக்கு, நான் 1990-களின் தொடக்கத்திலிருந்து டுலூத்துக்கு வடக்கே வேட்டையாடி வருகிறேன். அறுபத்தெட்டு வயதாகிறது. சட்டக்குறிப்பு எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நான் லிவிங்ஸ்டன் பக்கம் நிற்பவன். ஏன் என்று விளக்க எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

ஒரு காட்டை அறிந்துகொள்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று நினைக்கிறீர்கள்? தெற்குக் காற்று வீசினால் மான் எந்தப் பள்ளத்தின் வழியே வரும், பீவர் என்ற விலங்குகள் ஓடையில் அணை கட்டிய பிறகு அந்த வழி எங்கே திரும்பியது, பனி ஓர் அடிக்கு மேல் விழுந்தால் அவை எந்த சீடர் தோப்பில் ஒண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது பத்துப் பருவங்கள் கழிந்திருந்தன. அப்படி அறிந்த ஓரிடத்துக்கு விடியலில் போய்ச் சேரும்போது, வரைபடச் செயலியில் விரலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை உரிமை என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு. உங்களிடம் வந்தவர் செய்தது அந்தத் தவறு. நானும் பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளைஞரிடம் இதைச் செய்திருக்கிறேன். அவரும் உங்களைப் போலவே ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். செப்டம்பரிலேயே அந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள், நாடாவைப் பார்த்தீர்கள், முதல் நாள் காலையில் ஒருவர் வருவார் என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு ஏன் இருநூறு அடியில் போய் உட்கார்ந்தீர்கள்? இலையுதிர்ந்த நவம்பர்க் காட்டில் இருநூறு அடி என்றால் இருவரும் ஒரே மானைச் சுடுகிற தூரம். குண்டு எந்தப் பக்கம் போகும் என்பதையும் எண்ண வேண்டும். எங்கள் பக்கத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு: இன்னொருவரின் ஆரஞ்சு மேலாடை கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும், அவர் முன்னால் வந்திருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகிறோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போவோம். பின்னால் வருகிறவர் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் போவார். சட்டம் கேட்காத இந்த ஒரு காகிதம் பல சண்டைகளைத் தவிர்த்திருப்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் வரி கட்டப்படாமல் அரசிடம் வந்த பொது நிலம் மட்டுமே சுமார் 9 லட்சம் ஏக்கர் உண்டு. அந்த நிலங்களில் சிலர் கட்டியவற்றைப் பரண் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. படிக்கட்டு, ஓடு வேய்ந்த கூரை, சன்னல், குளிர் தாங்கும் சுவர், உள்ளே அடுப்பு. அதிலிருந்து நாலாபுறமும் மரங்களை வெட்டிச் சாய்த்துச் சுடுவதற்காகத் திறந்துவிட்ட நீண்ட சந்துகள். அவ்வளவும் பொது மக்களின் மரங்கள். நம் ஊரில் தினைப்புனம் காக்க நாலு கம்பு நட்டு வேய்ந்ததும் பரண்தான், அறுவடை முடிந்தால் அது சரிந்து மண்ணோடு போகும். இவை போவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றன. இவை பெருகியதால்தான் கவுண்டி நிர்வாகம் தலையிட நேர்ந்தது. வழக்கத்தை மதிக்கச் சொல்கிற நானே, இவற்றைப் பார்க்கும்போது சட்டத்தின் பக்கம் போய்விடுகிறேன்.

ஏரிக்கரையான் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பரண் உளுத்துப் போயிருந்ததால் யாரும் வரமாட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காகிதம் புதிது என்பதைப் பார்த்தும் அப்படி நினைத்தேன். கொம்பு உரசிய அந்த மரங்களை விட மனம் வரவில்லை என்பதே உண்மை. இருநூறு அடி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. அவர் கோரியது பரணை அன்று. "இந்த மேடு முழுவதும்" என்றார். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அந்த மேடு ஏறக்குறைய நாற்பது ஏக்கர் வருகிறது. நாற்பது ஏக்கரை ஒரு காகிதத்தால் வளைத்துக்கொள்ள முடியுமானால், என்னைப் போல நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவன் பத்துப் பருவங்கள் எங்கே உட்கார்ந்து அந்தக் காட்டை அறிந்துகொள்வது?

முப்பது பருவங்கள் எழுதியது:

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. நாற்பது ஏக்கர் கேட்டது அநியாயம்தான்.

செயின்ட்பால் கயல் எழுதியது:

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. நானும் என் கணவரும் செயின்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஹ்மாங் குடும்பங்களுடையவை. லாவோஸ் போருக்குப் பிறகு, 1975-க்குப் பின்னர் அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். என் கணவருக்கு அணில் வேட்டையும் மான் வேட்டையும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு வடக்கே நிலமும் இல்லை, பாட்டன் கட்டிய பரணும் இல்லை. பொது நிலம் ஒன்றே அவர்களுக்கு உள்ள வேட்டைக்காடு. "பரம்பரை இடம்" என்ற பேச்சு எழும்போதெல்லாம் வெளியே நிற்கப் போகிறவர்கள் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

2004 நவம்பர் 21 அன்று விஸ்கான்சினின் சாயர் கவுண்டியில் நடந்தது இங்குள்ள எந்த வேட்டைக்காரருக்கும் மறக்காது. எங்கள் நகரைச் சேர்ந்த ஒரு ஹ்மாங் வேட்டைக்காரர், தனியார் நிலத்திலிருந்த ஒரு பரணில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்குரியவர்களின் குழு வந்து அவரை இறக்கி வெளியேறச் சொன்னது. இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்றும், தம்மை நோக்கி முதலில் சுட்டார்கள் என்றும் அவர் பின்னர் கூறினார். முதலில் சுட்டது தாங்கள் இல்லை என்று உயிர் பிழைத்தவர்கள் மறுத்தார்கள். எட்டுப் பேர் மீது குண்டு பாய்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. அதன்பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளில் ஆண்கள் இரண்டு மூன்று பருவங்கள் காட்டுப் பக்கமே போகவில்லை. 2007 ஜனவரியில் அதே மாநிலத்தில், பெஷ்டிகோ அருகே, பொது வேட்டை நிலத்தில் அணில் வேட்டைக்குப் போன ஒரு ஹ்மாங் தந்தையை இன்னொரு வேட்டைக்காரர் கொன்று மறைத்துப் போட்டார். அவர் 69 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆகவே ஏரிக்கரையான், நீங்கள் இறங்கியது சரி. உரிமை உங்களிடம் இருந்தது என்பதும் சரி. இருட்டில், இருவர் கையிலும் துப்பாக்கி இருக்கும்போது, ஒரு மானுக்காக வாதம் செய்யக் கூடாது என்று என் கணவரிடம் ஆண்டுதோறும் சொல்லித்தான் அனுப்புகிறேன். இறங்கி வந்த பிறகு செய்ய வேண்டியவை இருக்கின்றன. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை எழுதி வையுங்கள். இயற்கை வளத் துறையின் காவல் அதிகாரிக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். ஒருவர் மீது ஒரு புகார் வந்தால் அதிகாரி பேசிவிட்டுப் போவார். மூன்று பேர் தனித்தனியே சொன்னால் முதல் நாள் காலையில் அந்த வண்டி நிறுத்துமிடத்திலேயே வந்து நிற்பார்.

1987 என்ற கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் மில் லாக்ஸ் வட்டாரம், 1837-இல் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த நிலப்பரப்பைச் சேர்ந்தது. நிலத்தைக் கொடுத்தபோது, அதில் வேட்டையாடும், மீன் பிடிக்கும், காட்டரிசி சேகரிக்கும் உரிமையை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1850-இல் ஒரு குடியரசுத் தலைவர் ஆணை அந்த உரிமையைப் பறிக்கப் பார்த்தது. மில் லாக்ஸ் ஒஜிப்வே மக்கள் 1990-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அவர்கள் தங்கள் சொந்த விதிகளின்படி, தங்கள் பருவத்தில், அதே பொதுக் காடுகளில் வேட்டையாடுகிறார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்னும் பின்னும் அந்த ஏரிக்கரையில் எழுந்த கசப்பு கொஞ்சநஞ்சமன்று. "மாநிலத்தின் மான் எங்களுடையது" என்று சொன்னவர்கள் ஏராளம். யார் முதலில் வந்தார்கள் என்ற அடிப்படையில் அந்த மேட்டுக்கு உரிமை கேட்பதானால், 1987 என்று எழுதியவருக்கு வரிசையில் மிகப் பின்னால்தான் இடம் கிடைக்கும்.

பழவேற்காட்டான் எழுதியது:

எனக்கு வேட்டை தெரியாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பொது இடத்தில் யார் எங்கே உட்காருவது என்ற சிக்கல் எங்கள் ஏரியில் தலைமுறை தலைமுறையாக உண்டு என்பதால் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை எங்கள் மீனவர்கள் "பாடு" முறையில் பிரித்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் படாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நன்றாகப் படும், மற்ற இடங்களில் குறையும். ஆகவே ஊர்த் தலைக்கட்டுகள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எந்த இடமும் எவருக்கும் நிரந்தரம் இல்லை. எவருக்கும் நல்ல இடம் கிடைக்காமலும் போகாது. இதிலும் குறை உண்டு. தலைக்கட்டில் சேராதவருக்குப் பாடு கிடையாது, அதனால் மற்ற சமூகங்களோடு எழுந்த சண்டைகள் அதிகம்.

உங்கள் நாட்டில் இப்படிக் குலுக்கல் முறை எதுவும் இல்லையா?

சட்டக்குறிப்பு எழுதியது:

நல்ல கேள்வி. உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. இல்லினாய் மாநிலத்தில் சில பொது நீர்நிலைகளில், வாத்து வேட்டைக்கான மறைவிடம் அமைக்கும் இடங்களைக் குலுக்கலில் ஒதுக்குகிறார்கள். வென்றவர் குறித்த நேரத்துக்குள் வந்து உட்காராவிட்டால் காத்திருக்கும் வேறொருவர் உட்காரலாம். மேற்கு மாநிலங்களில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்கான அனுமதிகளில் பலவும் குலுக்கலில்தான் கிடைக்கின்றன. ஆனால் அங்கே ஒதுக்கப்படுவது ஒரு பெரிய வட்டாரத்தில் வேட்டையாடும் அனுமதி. மரம் மரமாக யாரும் பிரித்துத் தருவதில்லை. மினசோட்டாவின் மாநிலக் காடுகளில் மான் வேட்டைக்கு, இடத்தைப் பொறுத்தவரை, அன்று காலை யார் முதலில் வந்தார் என்பதைத் தவிர வேறு முறை இல்லை.

பாடு முறையில் ஊர் என்ற ஒன்று இருக்கிறது. மீறியவரை அது கேட்கும். இங்கே முதல் நாள் காலையில் லட்சக்கணக்கானோர் காட்டுக்குள் போகிறார்கள்; அவர்களில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மிகச் சிலர். முப்பது பருவங்கள் ஐயா சொன்ன வழக்கம் அவருடைய வட்டாரத்தில் செல்லுபடியாவதற்குக் காரணம், அங்கே வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே முகங்கள் என்பதே. நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய காடுகளில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதனால்தான் லிவிங்ஸ்டன் தோற்றார் என்று நான் நினைக்கிறேன்.

ஏரிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை பருவம் முடிந்ததும், துப்பாக்கி இல்லாமல் அங்கே மறுபடி போய் வந்தேன்.

அன்று இருட்டில் தெரியாத ஒன்று பகலில் தெரிந்தது. அந்த நாடாக்கள் வழி காட்டக் கட்டியவை அல்ல. பரணிலிருந்து சதுப்பின் விளிம்பு வரை நேர்கோட்டில், ஒரு வண்டி போகும் அகலத்துக்கு இளமரங்களை அறுத்துத் தள்ளியிருந்தார்கள். நாடாக்கள் அந்தச் சந்தின் ஓரங்களைக் குறித்தன. அடிக்கட்டைகளை எண்ணினேன், இருபத்திரண்டு. வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது, ஆஸ்பென் மரங்களில் ஈரம்கூடக் காயவில்லை. அவற்றில் இரண்டு, செப்டம்பரில் நான் பார்த்த, கொம்பு உரசிய மரங்கள். படம் எடுத்து, இடத்தின் அடையாளத்தோடு அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். பரணைப் பற்றியும் அந்த மனிதரைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் மரங்களைப் பற்றிச் சும்மா இருக்க முடியவில்லை.

மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கான பருவம் நவம்பர் இறுதியில் தொடங்குகிறது. அதற்கு அதே மேட்டுக்குத்தான் போகப் போகிறேன். ஆனால் பழைய பரண் கண்ணில் படாதபடி மேட்டின் மறுசரிவில், ஓடை வளைகிற இடத்தில், ஒரு சிவப்பு ஓக் மரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். அளந்ததில் எழுநூறு அடிக்கு மேல் வருகிறது. நான்கு மணிக்கே வண்டியை நிறுத்தி, "ஓடை வளைவு, மேட்டின் கிழக்குச் சரிவு, தனியாள்" என்று எழுதிய காகிதத்தை முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டு நடப்பேன். அவர் எனக்கு முன்னால் வந்து அங்கே உட்கார்ந்திருந்தால் திரும்பிவிடுவேன். அதற்காக ஓடைக்கு அப்பால் வேறு இரண்டு இடங்களையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் முதலில் உட்கார்ந்த பிறகு அவர் வந்து இறங்கச் சொன்னால், கயல் அவர்கள் சொன்னபடி இறங்கிவிடுவேன். ஆனால் இந்த முறை நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டுதான் காட்டை விட்டு வருவேன்.

முப்பது பருவங்கள் ஐயா, அந்த ஓடை வளைவில் வடமேற்குக் காற்று வீசினால் மேட்டிலிருந்து இறங்கும் மானுக்கு என் வாடை போகுமா? வரைபடத்தையும் சரிவின் படத்தையும் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

முப்பது பருவங்கள் எழுதியது:

அனுப்புங்கள், தம்பி. ஓடை தெற்கு நோக்கி ஓடுகிறதென்றால், விடியலில் குளிர்ந்த காற்று சரிவோடு இறங்கி ஓடையின் போக்கிலேயே போகும். வெயில் ஏறிய பிறகுதான் அது திரும்பி மேலெழும். ஒன்பது மணி வரை அந்த ஓக் மரம் நல்ல இடம். அதற்கு மேல் உட்காருவதானால் மேட்டின் உச்சிக்குக் கீழே ஓர் இடம் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.